கூப்பிடு தூரம்... நடந்தால் ஒன்றரை மணி!

மதியம் 2.40. கொல்லிமலையில் ஒரு பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறோம், நானும் நண்பரும். எதிர்ச் சரிவில் மூன்று ஓட்டு வீடுகள், ஒரு களம், களத்தில் சிவப்பாக ஏதோ காய்கிறது. அங்கே குரைக்கும் நாய், பக்கத்து வீட்டில் குரைப்பதுபோலக் கேட்கிறது. மரவள்ளிக் காட்டு ஓரமாக உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டோம்.

"அந்த ஊரு எவ்வளவு தூரங்க ஐயா?"

"இந்தா, கூப்பிடு தூரந்தானுங்க."

நாங்கள் நம்பாததுபோல நின்றதும் அவர் எழுந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஏ மாமோய்..." என்று ஒரு குரல் கொடுத்தார். நாலு நொடியில் அந்தப் பக்கமிருந்து "ஓய்..." என்று பதில் வந்தது. "ரெண்டு பேர் வர்றாங்க, டீத்தண்ணி வெக்கச் சொல்லு!"

டீ வைத்தார்கள். அது ஆறிப்போனது. மறுபடி சுட வைத்தார்கள். அதுவும் ஆறிய பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்ந்தோம். மணி 4.15.

பெரியவர் பொய் சொல்லவில்லை. குரலுக்கு அது கூப்பிடு தூரம்தான். காலுக்குத்தான் ஒன்றரை மணி. மலைமேல் இருக்கும் மேட்டுநிலத்தில் ஒரு நாள் வட்டம் போட்டு நடந்து வரலாம் என்று கிளம்பும் எல்லோரும் சறுக்குவது இந்த இடத்தில்தான். இன்றைக்கு அப்படிக் கிளம்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் வரைக்கும் "இந்த ஞாயிறு ஒரு ட்ரெக்" என்பது சாதாரணப் பேச்சு. தமிழக வனத்துறையே 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்து, ஆன்லைனில் முன்பதிவு செய்யும் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தைத் தொடங்கியது. ஷூ வாங்கியாயிற்று, பை வாங்கியாயிற்று. கணக்கு மட்டும் யாரும் போடுவதில்லை.

மலையில் ஏறி இறங்குவோம்... இங்கே இறங்கி ஏறுவோம்!

வட்டமாக நடப்பது நமக்குப் புதிதில்லை. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். பாட்டிகளும் பேரன்களும் ஒரே இரவில் முடித்துவிட்டு, காலையில் பஸ் ஏறி ஊர் போய்ச் சேருகிறார்கள். காரணம், அது மலையைச் சுற்றிப் போகும் சமதளச் சாலை. அங்கே கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டர்தான்.

மேட்டுநிலம் அப்படியில்லை. கீழே நாமக்கல் சமவெளியிலிருந்து பார்த்தால் கொல்லிமலையின் உச்சி கத்தியால் சீவியதுபோலத் தட்டையாகத் தெரியும். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி மேலே போய்விட்டால், இனி ஏற்றமே இல்லை என்றுதான் மனசு சொல்லும். ஆனால், அந்தத் தட்டையை ஓடைகள் காலங்காலமாக அறுத்து வைத்திருக்கின்றன. மேட்டுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம், பள்ளத்தில் நெல் வயல், மறுபடி ஒரு மேடு. இறங்கி ஏறாமல் இரண்டு ஊர்களைத் தொடவே முடியாது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மலை ஏறப் போகிறவர் முதலில் ஏறுவார், களைத்தால் திரும்புவார். திரும்பும் வழி இறக்கம். மேட்டுநிலத்தில் எல்லாம் தலைகீழ். முதலில் இறக்கம், புத்துணர்ச்சியோடு பேசிச் சிரித்தபடி இறங்குவீர்கள். களைப்பு வரும்போது பள்ளத்தின் அடியில் நிற்பீர்கள். அங்கிருந்து முன்னால் போனாலும் ஏற்றம், பின்னால் போனாலும் ஏற்றம்.

ஆகாய கங்கை அருவிக்குப் போனவர்களுக்கு இது புரியும். அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது செல்ஃபி எடுக்கிறவர்கள், ஏறும்போது ஐம்பது படிக்கு ஒருமுறை உட்கார்ந்து, "யாரு இந்த ஐடியா குடுத்தது?" என்று சண்டை போடுவதை எந்த விடுமுறை நாளிலும் பார்க்கலாம். அது ஒரு பள்ளம். ஒரு நாள் வட்டத்தில் அதுபோலச் சின்னதும் பெரியதுமாக மூன்று நான்கு பள்ளங்கள் வரும். ஆக, "எத்தனை கிலோமீட்டர்?" என்று கேட்காதீர்கள். "எத்தனை பள்ளம்?" என்று கேளுங்கள்.

> கொல்லிமலை: சில தகவல்கள்
>
> கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது, நாமக்கல் மாவட்டம். மேட்டுநிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.
>
> வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என்று ‘நாடு’ என்றே முடியும் 14 ஊராட்சிகள். தலைமையிடம் செம்மேடு. கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரிக்கு இங்கே சிலை உண்டு.
>
> பெரும்பான்மை மக்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.
>
> சாமை, தினை, கேழ்வரகு விளைந்த நிலங்களில் மரவள்ளி பெருமளவில் இடம்பிடித்துவிட்டது. மிளகும் காப்பியும் மர நிழலில். பலாவும் அன்னாசியும் சோளக்காடு சந்தையில்.
>
> கீழே உள்ள ஊரைவிட மேலே 6, 7 டிகிரி குளிர்ச்சி. அதனால் தாகம் தெரியாது, உடம்பில் தண்ணீர் குறைவது மட்டும் நிற்காது.

ஒரு முழம் தையல் நூல்

எங்கள் கணக்கு எப்படித் தப்பியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 19 கிலோமீட்டர், மணிக்கு நாலு என்றால் ஐந்து மணி நேரம்கூட ஆகாது என்றார் நண்பர். கைபேசி வரைபடத்தில் விரலை வைத்துக் கோடு இழுத்துக் காட்டினார். நானும் தலையாட்டினேன். காலை 6.30-க்குக் கிளம்ப வேண்டியவர்கள், தங்கிய இடத்தில் இட்லி வெந்துகொண்டிருக்கிறது என்று காத்திருந்து 8.30-க்குக் கிளம்பினோம். இட்லி நன்றாகத்தான் இருந்தது.

இப்போது சரியான கணக்கைப் பார்ப்போம். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892-ல் சொன்ன விதி இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். எங்கள் வட்டத்தில் பள்ளங்களின் ஏற்றத்தை எல்லாம் கூட்டினால் 950 மீட்டர். விதிப்படி 19 கிலோமீட்டருக்கு 3 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 1 மணி 35 நிமிடம். ஆக மொத்தம் 5 மணி 23 நிமிடம்.

ஆனால், நைஸ்மித் வேகமாக நடப்பவர், குளிர்ந்த ஊர்க்காரர். நம் வெயிலுக்கும், வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் முட்டிக்கும் அதை ஒன்றரை மடங்காக்க வேண்டும் என்பது என் அனுபவம். எட்டு மணி நேரம் வருகிறது. சாப்பாடு, ஓய்வு, வழி விசாரிப்பு என்று ஒரு மணி நேரம் போட்டால் ஒன்பது. நாங்கள் எடுத்துக்கொண்டது 9 மணி 50 நிமிடம். செம்மேட்டு விளக்குகளைப் பார்க்கும்போது மணி 6.20. சூரியன் மறைந்து கால் மணி ஆகியிருந்தது. கடைசி அரை கிலோமீட்டர் கைபேசி வெளிச்சத்தில் நடந்தோம், நண்பரின் கைபேசியில் அப்போது 4 சதவிகிதம் சார்ஜ்.

950 மீட்டர் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? விரல் வேண்டாம், நூல் வேண்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். தையல் நூலை எச்சில் தொட்டு, போகிற பாதையின் ஒவ்வொரு வளைவிலும் படிய வையுங்கள். பிறகு நூலை நிமிர்த்தி அளந்தால் தூரம் கிடைக்கும். வரைபடத்திலுள்ள பழுப்பு நிறக் கோடுகள் உயரக் கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். நூல் எத்தனை கோடுகளை ஏறுமுகமாக வெட்டுகிறது என்று எண்ணி 20-ஆல் பெருக்கினால் ஏற்றம் வந்துவிடும். கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு நிற்கும் இடம் செங்குத்துச் சரிவு. அங்கே பாதை இருப்பதாக வரைபடம் சொன்னாலும் ஊர்க்காரர் ஒருவர் சொன்னால்தான் நம்ப வேண்டும்.

காரணம் உண்டு. வரைபடத்தில் புள்ளிக்கோடாக இருக்கும் பல ஒற்றையடிப் பாதைகள் இன்றைக்கு இல்லை. வீட்டுக்கு வீடு பைக் வந்துவிட்டது. பள்ளம் இறங்கி ஏறிச் சந்தைக்குப் போனவர்கள் இப்போது தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். பாதையை உண்ணிச்செடி மூடிவிட்டது. எங்கள் ஒன்றரை மணி நேரத்தில் முப்பது நிமிடம் அந்த முள்ளோடு போராடியதில் போனது. சட்டைக் கை கிழிந்ததுதான் மிச்சம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

கோயிலென்றால் வலமாகச் சுற்றுவோம். இங்கே அது பொருந்தாது. பெரிய பள்ளம் எந்தப் பக்கம் காலையில் வருமோ, அந்தப் பக்கமாகச் சுற்றுங்கள். வட்டத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கு பஸ் போகும் சாலையை ஒட்டி வருவதுபோல அமையுங்கள். களைத்த பிறகு நடையை நிறுத்தும் வசதி அங்கேதான் கிடைக்கும். நாங்கள் நேர் எதிராகச் செய்தோம். சாலை ஓரத்தை முதலில் ஜாலியாக முடித்துவிட்டு, பெரிய பள்ளத்தைப் பிற்பகலுக்கு வைத்துக்கொண்டோம்.

வட்டப் பாதையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போன வழியே திரும்புகிற நடையில் எந்த நிமிடமும் "போதும்" என்று சொல்லலாம். வட்டத்தில் பாதியைத் தொட்டுவிட்டால் திரும்புவதும் தொடர்வதும் ஒரே தூரம்தான். அதனால், "இன்னும் கொஞ்சம்தானே" என்ற பேச்சு பாதிக்குப் பிறகு ஜெயித்துக்கொண்டே இருக்கும். முடிவை அங்கே நின்று எடுக்கக் கூடாது, முந்தைய நாள் இரவே எடுத்துவிட வேண்டும். வட்டம் எந்தெந்த இடத்தில் தார்ச்சாலையைத் தொடுகிறதோ அங்கெல்லாம் ஒரு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். "இந்த ஊருக்கு 12 மணிக்குள் வரவில்லையென்றால், இங்கேயே பஸ் ஏறுகிறோம்" என்று. பஸ் நேரத்தை இணையத்தில் தேட வேண்டாம். முந்தைய நாள் மாலை நடத்துநரிடம் கேளுங்கள். கடைசி வண்டி எப்போது என்பதை அவரைவிடச் சரியாகச் சொல்ல ஆளில்லை.

பகல் வெளிச்சத்தையும் பார்க்க வேண்டும். டிசம்பரில் இந்தப் பக்கம் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம்தான். மாலை ஆறு மணிக்குச் சூரியன் மறைகிறது என்றாலும், மேற்கே மேடு இருக்கும் பள்ளத்துக்குள் அதற்கு வெகு முன்பே மங்கிவிடும். ஒன்பது மணி நேர நடைக்கு ஏழு மணிக்குக் கிளம்பினாலே மாலை நாலு ஆகிவிடும். இட்லியைப் பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

> பையில் என்ன இருக்கட்டும்?
>
> ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், அதாவது 3 கிலோ எடை. அதை முதுகில் போட்டுக்கொண்டு வீட்டு மாடிப்படியில் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.
>
> ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. வீட்டிலேயே தயாராகும் உப்பு-சர்க்கரைக் கரைசல் இதுதான்.
>
> தலையில் மாட்டும் டார்ச், விசில், பவர் பேங்க், இணையம் இல்லாமலும் திறக்கும் வரைபடம். பள்ளத்துக்குள் சிக்னலை நம்ப முடியாது.
>
> சென்ட் வேண்டாம். பாறை விளிம்புகளில் மலைத்தேனீக் கூடுகள் இருக்கும். புகையும் கூடவே கூடாது.
>
> அவசரத்துக்கு 108, 112.

விளிம்பைத் தாண்டினால் காடு

கொல்லிமலை மேட்டின்மேல் இருப்பது பெரும்பாலும் ஊரும் பட்டா நிலமும். சரிவுகளில் பெரும்பகுதி காப்புக்காடு. வட்டத்தை ஊர்ப் பாதைகளிலேயே வரைந்துகொண்டால் சிக்கல் குறைவு. குறுக்கு வழி என்று சரிவுக்குள் இறங்கினால் அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைந்தவர் ஆகிவிடுவீர்கள். எந்த இடத்தில் ஊர் முடிந்து காடு தொடங்குகிறது என்பதை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கிளம்புவதே முறை. ‘சித்தர் குகை’, ‘யாரும் பார்க்காத அருவி’ என்று வீடியோக்கள் கூப்பிடும் இடங்கள் பலவும் காட்டுக்குள்தான் இருக்கும்.

இது வெறும் காகித விதி அல்ல. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்வெளித் தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே மலையேற்றத்துக்குத் தனி ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்தார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடுவதும் வழக்கமானது. 2025-ல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றம் நிறுத்தப்பட்டது.

குரங்கணியில் இறந்தவர்கள் வீடு திரும்பும் வழியில் இருந்தவர்கள் என்பதை நான் மறப்பதில்லை. போதைப்புல் உயரமாகக் காய்ந்து நிற்கும் சரிவில், பள்ளத்தின் அடியில் நிற்கும் ஒருவருக்கு மேலே ஓடுவதைத் தவிர வழியில்லை. தீயும் மேல்நோக்கித்தான் ஓடும், மனிதரைவிட வேகமாக. எனவே மாசி, பங்குனியில் இந்த நடை வேண்டாம். சித்திரை, வைகாசிப் பிற்பகல்களில் இடி மின்னல் இறங்கும், மேட்டுநிலத்தில் உயரமாக நிற்பது நீங்களும் ஒற்றை மரமும்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடைகள் பெருகினால் கடந்த பள்ளத்தைத் திரும்பக் கடக்க முடியாது. நான் தைரியமாகச் சொல்வது மார்கழி, தை. நல்ல மாதங்கள் இரண்டுதான் என்று நினைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

வயலில் கிடந்த கண்ணாடி

ஆறிய டீயைக் குடித்த வீட்டுக்குத் திரும்புவோம். அந்த அக்கா எங்களிடம் நன்றாகத்தான் பேசினார். ஆனால், நாங்கள் பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் எடுத்ததும் முகம் மாறிவிட்டது. "இங்க போட்றாதீங்க தம்பி" என்றார். பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குதிகாலுக்கு மேலே மூன்று தையல் போட்ட தழும்பு. நாற்று நடும்போது சேற்றுக்குள் கிடந்த பீர் பாட்டில் துண்டு. ஓடையோரம் உட்கார்ந்து குடித்தவர்கள் எறிந்தது, மழையில் உருண்டு வயலுக்கு வந்திருக்கிறது. நடவு நட வெறுங்காலோடுதான் இறங்க முடியும். அந்தப் பருவத்தில் பத்து நாள் கூலி போயிற்று.

நடப்பவர்கள் யாரும் தங்களை அந்த பாட்டில் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதில்லை. நானும்தான். ஆனால், ஊர்க்காரர்களுக்கு வெளியூர்க்காரர் எல்லோரும் ஒன்று. நமக்கு ‘ட்ரெக் ரூட்’ என்பது அவர்களுக்கு வரப்பு. ஆடு புகாமல் கட்டிவைத்த முள் படலை நாம் திறந்தபடி விட்டுவிட்டு வந்தால், சாயங்காலத்துக்குள் மரவள்ளிக் குருத்து காலி. ஊற்றில் சோப்புப் போட்டுக் குளித்தால் கீழ்வீட்டுக்காரர் குடத்தில் நுரை வரும். கோயில் காடுகளில் செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள். அந்த மரங்கள் இன்னும் நிற்பதே சாமி மேலுள்ள பயத்தினால்தான். களத்தில் வேலை செய்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காரில் வருபவர் செம்மேட்டு விடுதியில் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே இருக்கும் ஊர்களுக்கு ஒரு ரூபாயாவது போவது நடப்பவர் மூலமாகத்தான். முந்தைய நாளே சொல்லிவைத்து ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் காசு கொடுங்கள். அந்த ஊர் இளைஞர் ஒருவரைக் கூலி பேசி அழைத்துக்கொள்ளுங்கள். உண்ணிச்செடிக்குள் மறைந்த பாதை அவருக்குத் தெரியும். எங்களோடு ஒருவர் வந்திருந்தால் அந்த ஒன்றரை மணி நேரம் ஐம்பது நிமிடமாகியிருக்கும்.

நாங்கள் நடந்த வட்டத்தின் வரைபடத்தை இந்தக் கட்டுரையோடு போடலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் என்றேன். போட்டால் அடுத்த ஞாயிறு நாற்பது பேர் அந்த அக்கா வீட்டு வரப்பில் நிற்பார்கள். நூல் இருக்கிறது, வரைபடம் இருக்கிறது, உங்கள் வட்டத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு சீட்டு எழுதுங்கள். எத்தனை பேர், எந்தெந்த ஊர் வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்கு மேல் எத்தனை மணி ஆனால் தேட வேண்டும். அதைத் தங்கிய இடத்திலோ, டீக்கடையிலோ கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக அந்தச் சீட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்துப் போடுங்கள். மறந்துவிட்டு நீங்கள் பாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டால், ஏழு மணிக்கு யாரோ ஒருவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிக்கொண்டிருப்பார்.